ஒன்பது மணிக்கு நகர்கிற பிள்ளைகள்

ஒன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கென்று பெற்றோர்களே சேர்ந்து உண்டாக்கிய வெப்சைட்டில், முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்த குரூப் போட்டோவுக்குள் பிள்ளைகள் முப்பத்துநாலு பேரும் முதல்தடவையாக இடம் மாறி நின்றது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு, அதாவது பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்துப் பிள்ளைகள் பிரேயருக்கு ஓடுகிற நேரத்தில். அதைப் பார்த்து யாரும் ‘இப்படியும் நடக்குமா’ என்று கேட்கவில்லை, ‘இதை யார் செய்தது’ என்றுதான் கேட்டார்கள்.

அப்படிக் கேட்கிற ஊர்தான் அது. சிவகாசியில் பிறந்தவர்களுக்குப் படம் மாறுவது அதிசயமில்லை. முருகனுடைய மயிலுக்கு நாலு தோகை கூட்டிப் போடுவதும், கட்சிக்காரருடைய வழுக்கையில் முடி நட்டுவைப்பதும், செத்துப்போனவரைக் கல்யாணப் போட்டோவில் கொண்டுவந்து நிறுத்துவதும் அங்கே காலையில் டீ குடிப்பதற்கும் மத்தியானம் சாப்பிடுவதற்கும் நடுவில் முடிகிற வேலை. ஆனால் எந்தப் படமும் ஒரு கை படாமல் மாறாது, அந்தக் கைக்கு ஒரு காரணம் இல்லாமல் இருக்காது என்பதும் அந்த ஊருக்குத் தெரியும்.

அந்தக் கை மாரிக்கனியின் கை என்று ஒன்பது ஐந்துக்கெல்லாம் முடிவாகிவிட்டது. ஏனென்றால் பாஸ்வேர்டு அவளிடம்தான் இருந்தது.

பாஸ்வேர்டு அவளிடம் வந்ததற்குக் காரணம், அவளுக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதுதான். ஜூன் மாதம் வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடத்தைத் தேட முடியாதபடி ஆளாளுக்குக் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் அனுப்பிச் சண்டை வந்து, ஜெசிந்தா மிஸ் அலுத்துப்போய், “நீங்களே ஒரு வெப்சைட் வச்சுக்கோங்க, நான் போர்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த கெவின் அப்பா ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதைச் செய்து முடித்தார். வீட்டுப்பாடத்துக்கு ஒரு பக்கம், பிறந்தநாளுக்கு ஒரு பக்கம், நிர்வாகிகளுக்கு ஒரு பக்கம், அடியில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டுகிற ஒரு எண். எல்லாம் ஆனபிறகு, அதைத் திறந்து மாற்றுகிற சாவி யார் கையில் இருக்கவேண்டும் என்று கூடிப் பேசியபோதுதான் கூட்டம் இரண்டரை மணி நேரம் நீண்டது.

“ரிஷ்வந்த் அம்மாகிட்ட குடுங்களேன். அவங்கதான தலைவி.”

“குடுத்தா வருசம் முழுக்க ரிஷ்வந்த்துக்குப் பெறந்தநாளாத்தான் இருக்கும்.”

“அப்ப நானே வச்சுக்கிறேன்” என்றார் கெவின் அப்பா.

“ஆங், எங்க பிள்ளைக போட்டோவ உங்க சென்டர் நோட்டீஸ்ல போட்டு அட்மிசன் பிடிக்கவா அண்ணாச்சி?”

இப்படி ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன செய்வார் என்பதைத் தன் கண்ணால் பார்த்ததுபோலச் சொல்லிக்கொண்டே போக, ரிஷ்வந்த் அம்மா திரும்பிப் பார்த்தாள். கதவோரத்தில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, நீலச் சேலையின் முந்தியை விரலில் சுற்றிக்கொண்டு மாரிக்கனி நின்றாள்.

“நீ யாரோட அம்மா?”

“யுவஸ்ரீ…” என்றாள்.

“எதுவரைக்கும் படிச்சிருக்க?”

மாரிக்கனி ஐந்து விரலைக் காட்டினாள்.

“அஞ்சாப்பா? அப்ப இவகிட்ட குடுங்க. இவளுக்குத் தில்லுமுல்லு பண்ணத் தெரியாது” என்றாள் ரிஷ்வந்த் அம்மா. கூட்டம் முழுக்க அன்றைக்கு ஒத்துக்கொண்ட ஒரே பேச்சு அதுதான். நிர்வாகிகள் பக்கத்துக்கு உடனே ஒரு போட்டோவும் எடுத்தார்கள். நடுநாற்காலியில் ரிஷ்வந்த் அம்மா, சுற்றிலும் மற்றவர்கள்; மாரிக்கனியைக் கதவுநிலை பாதியாக வெட்டியிருந்தது. ஒரு கண், ஒரு தோள், முந்தியைச் சுற்றிய ஒரு கை.

கெவின் அப்பா தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பதினொரு எழுத்தை எழுதிக் கொடுத்தார். அது என்ன வார்த்தை என்று மாரிக்கனிக்குத் தெரியாது. போன் கீபோர்டின் மேல் வரிசையில் மூன்றாவது, அதற்கு நேர் கீழே, அப்புறம் இடது ஓரம், அப்புறம் இரண்டு தாண்டி என்று விரலுக்கு ஒரு வழி பழக்கினாள், இருட்டிலும் வீட்டுக்குள் நடக்கத் தெரிகிறமாதிரி. தினமும் சாயங்காலம் மிஸ் அனுப்பும் கரும்பலகையை வெப்சைட்டில் ஏற்றிவிட்டுத்தான் உலை வைப்பாள். லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் கருப்பசாமி, “நம்ம வீட்டுல டிவி இல்லாட்டியும் வெப்சைட் இருக்குய்யா” என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரித்தான்.

குரூப் போட்டோவில் பிள்ளைகளை ரோல் நம்பர்படி நிறுத்தியிருந்தார்கள். அரசாங்க இலவச சீட்டில் கடைசியாகச் சேர்ந்த யுவஸ்ரீக்கு முப்பத்துநாலு. அதனால் கடைசி வரிசையின் கடைசி ஆள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குப் பிறகு பார்த்தால் அவள் இரண்டாம் வரிசையின் நட்டநடுவில் நின்றாள், ரிஷ்வந்த்தின் கையைப் பிடித்துக்கொண்டு.

மாரிக்கனி அப்போது பிரஸ்ஸில் இருந்தாள். அச்சாகி வருகிற காலண்டர் தாள்களில் பிசகு இருப்பதைப் பொறுக்கி ஒதுக்குவது அவள் வேலை. சோற்றுப் பைக்குள் போன் அடித்தது.

“யாரக் கேட்டு எம் பிள்ளைய எடம் மாத்துன?”

“அக்கா… நான் வேலையில இருக்கேன்கா…”

“அதான் வேலையக் காட்டிட்டியே” என்று ரிஷ்வந்த் அம்மா போனை வைத்தாள்.

மாரிக்கனி போட்டோவைத் திறந்து கண்ணருகே கொண்டுபோனாள். அச்சில் மஞ்சளும் சிவப்பும் நீலமும் கறுப்பும் தனித்தனியாக ஏறித்தான் ஒரு படம் ஆகிறது. நடுவில் தாள் ஒரு நூல் நகர்ந்தாலும் சிவப்பு மட்டும் உருவத்தைவிட்டு வெளியே வந்து நிற்கும். ஆயிரம் தாளில் ஒரு தாள் அப்படி இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. போட்டோவில் பிள்ளைகள் முப்பத்துநாலு பேருக்கும் வலது ஓரத்தில் சிவப்பு ஒரு நூல் வெளியே நின்றது. வெட்டி ஒட்டின படத்தில் அப்படி வராது. இருப்பது தானாக அசைந்தால்தான் வரும். ஆக, பிள்ளைகள் தாங்களே நகர்ந்திருக்கிறார்கள் என்று அவள் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதை யாரிடம் போய் எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் அடுத்த தாளை எடுத்தாள்.

புதன்கிழமையும் நகர்ந்தார்கள். வியாழக்கிழமையும் நகர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்காததால் நகரவில்லை. ஒரு வாரத்தில் ‘பி’ பிரிவு வீடுகளில் ஒன்பது மணி என்பது ஒரு சடங்கின் நேரம் ஆகிவிட்டது. பட்டாசு ஆலைக்குப் போகிற அப்பாக்கள் பைக்கை ஓரங்கட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், அம்மாக்கள் தோசை அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள், வெளியூருக்குச் சரக்கு கொண்டுபோனவர்கள் அங்கிருந்து கூப்பிட்டு, “எம் பய இன்னைக்கு யாரு பக்கத்துல நிக்கான்?” என்று விசாரித்தார்கள். பிள்ளைக்குப் பல் விழுந்ததைப் போட்டோவில் பார்த்துத் தெரிந்துகொண்ட வீடு உண்டு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பேச்சுவார்த்தை அற்றுப்போன இரண்டு வீட்டுப் பிள்ளைகள், ஒருத்தனுக்கு ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் சுண்டுவிரலை மட்டும் கோத்துக்கொண்டு நின்றதை இரண்டு வீடும் பார்த்தது; பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்காரன்தான் ஆள்வைத்து விரலைக் கோக்கவைத்தான் என்று இந்த வீடும், இந்த வீட்டுக்காரன்தான் என்று அந்த வீடும் சொன்னது.

சந்தேகம் வளர்ந்தபடியே இருந்தது. பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றினார்கள், பிள்ளைகள் நகர்ந்தார்கள். மாரிக்கனியின் போனை வாங்கி ரிஷ்வந்த் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள், அப்போதும் நகர்ந்தார்கள், அதனால் அவளிடம் இன்னொரு போன் இருக்கிறது என்று ஆனது. கருப்பசாமியின் ஆட்டோ சீட்டுக்கு அடியில் தேடிப் பார்த்தார்கள். அங்கே ஒரு ஸ்பானரும் மகளுடைய பழைய செருப்பும் இருந்தன. போன் இல்லாததால், அவள் அதை ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒளித்திருக்கிறாள் என்று ஆனது. “ஊமை மாதிரி இருக்கா பாரு, உள்ளுக்குள்ள எம்புட்டு இருக்கு!” என்றார்கள். ஐந்தாம் வகுப்பு படித்ததே பொய், எங்கேயோ கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து நடிக்கிறாள் என்றும் ஒரு பேச்சு ஓடியது. அதைக் கேட்ட அன்று மட்டும் மாரிக்கனி, தப்பென்று தெரிந்தும், கொஞ்சம் சந்தோஷப்பட்டாள்.

பிள்ளைகளிடம் கேட்டால் தெரியாதா என்று ஜெசிந்தா மிஸ் சொன்னதால், ரிஷ்வந்த் அம்மா மகனை மடியில் உட்காரவைத்துக் கேட்டாள்.

“சாமி, போட்டோல ஒன்னைய யாருடா எடம் மாத்துனது?”

“மணி அடிச்சுச்சும்மா, நகந்துக்கிட்டோம்.”

“எதுக்கு அந்தப் பிள்ளைகிட்ட போயி நின்ன?”

“அவதான் எனக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவா.”

காலண்டர் நூலில் முடிச்சுப் போட மாரிக்கனிதான் யுவஸ்ரீக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். ‘பி’ பிரிவில் லேஸ் கட்டத் தெரிந்த ஒரே பிள்ளை அவள். முப்பத்துமூன்று பேரும் அவளிடம்தான் காலை நீட்டினார்கள். ஆனால் ரிஷ்வந்த் அம்மா மகனைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னாள்: “ஆறு வயசுப் பிள்ளைக்கு இப்படிப் பேச வருமா? சொல்லிக் குடுத்திருக்கா.”

அடுத்த வாரம் இருபத்தொன்பது கையெழுத்தோடு ஒரு மனு ஹெச்.எம். மேஜைக்குப் போனது. யுவஸ்ரீயை ‘சி’ பிரிவுக்கு மாற்ற வேண்டும். மாடிப்படிக்கு அடியில், இலவச சீட்டுப் பிள்ளைகள் அதிகம் இருந்த வகுப்பு அது. ஹெச்.எம். மாரிக்கனியைக் கூப்பிட்டு, “உங்க பிள்ளைக்கு ஒரு குறையும் வராதும்மா, நாலு ரூம் தள்ளித்தான்” என்றார். மாரிக்கனி, அவங்க நகர்ந்தது தாங்களேதான், சிவப்பு விலகியிருக்கு பாருங்க என்று சொல்லவேண்டிய இடத்தில், “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

யுவஸ்ரீ அழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனாள், வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பையை இறக்குமுன்னே கொட்டுகிற கதை நின்றுபோயிற்று. “இன்னைக்கு என்ன பாப்பா நடந்துச்சு?” என்று கேட்டால், “அது வேற கிளாஸ்மா” என்றாள். காலையில் ஷூ லேஸைத் தானே அவிழ்ப்பாள், தானே கட்டுவாள், மறுபடி அவிழ்ப்பாள்.

வெப்சைட்டை மாரிக்கனியிடமிருந்து எடுத்துக்கொண்டு, பீரோவில் கிடந்த போனையும் திருப்பிக் கொடுத்தார்கள். கெவின் அப்பா போட்டோவிலிருந்து யுவஸ்ரீயைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மற்றவர்களை ரோல் நம்பர்படி நிறுத்தி ஏற்றினார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, இருபத்தொன்பது கையெழுத்துக்காரர்களும் மற்றவர்களும் நிம்மதியாக ஒரு தடவை பார்ப்போம் என்று திறந்தால், பிள்ளைகள் முப்பத்துமூன்று பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ரெட்டைச் சடைகளும் கிராப்புகளும் சட்டைக் காலர்களும்தான் தெரிந்தன. கடைசி வரிசையில் யுவஸ்ரீ நின்றிருந்த காலி இடத்தையே பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் பொறுத்தார்கள். இரண்டு நாள் பொறுத்தார்கள். தன் பிள்ளையின் பின்மண்டையை வைத்து அடையாளம் தெரியாத அம்மாக்கள் அழுதார்கள். நாற்பது மைல் தள்ளி இருந்து நல்ல போட்டோகிராபரைக் கூட்டிவந்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துச் சிரிக்கவைத்துப் புதுப் போட்டோ எடுத்தார்கள். ஏற்றிய அன்றைக்குச் சிரித்தார்கள். மறுநாள் ஒன்பது மணிக்குப் புதுப் போட்டோவிலும் முதுகு. வீட்டில் இருக்கிற பிள்ளை சிரிக்கத்தான் செய்தது, சாப்பிடத்தான் செய்தது, மடியில் ஏறத்தான் செய்தது. ஆனாலும் காலையில் அந்த முதுகைப் பார்த்தபிறகு, மடியில் இருக்கிற பிள்ளையின் முகத்தைத் தூக்கிப் பார்க்கப் பெற்றவர்களுக்கே ஒரு பயம் வந்தது. ரிஷ்வந்த் அதே வாரம் லேஸ் மிதித்து விழுந்து தாடையில் இரண்டு தையலோடு வந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரிக்கனியைக் கூட்டத்துக்கு வரச்சொன்னார்கள். போன தடவை கதவோரத்தில் நின்றவளுக்கு இந்தத் தடவை நாற்காலி போட்டிருந்தார்கள். அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் உட்காரவில்லை.

“இங்க பாரு யுவஸ்ரீ அம்மா” என்றாள் ரிஷ்வந்த் அம்மா. குரல் தணிந்திருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “நாங்க ஒன்னைய ஒண்ணும் செய்யமாட்டோம். போலீஸு கீலீஸுன்னு போகமாட்டோம். நீதான் செஞ்சேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு, போதும்.”

“யாரு செஞ்சான்னு தெரியாமத்தான்த்தா தொண்டையில சோறு எறங்க மாட்டேங்குது” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

“நீ சொல்லிட்டேன்னா மறுபடி ஒன் பிள்ளைய…” என்று கெவின் அப்பா ஆரம்பித்து, மற்றவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாரிக்கனி தரையைப் பார்த்தாள். இத்தனை பேருக்கு முன்னால் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை; இத்தனை பேருக்கு முன்னால் அவள் ஒருநாளும் பேசினதே இல்லை. உண்மை அவளிடம் இருந்தது, ஒரு நூல் அகலத்துக்குச் சிவப்பாக. அதை எடுத்துக் காட்டினால் இவர்கள் போனைக் கண்ணருகே கொண்டுபோய், சிவப்பைப் பார்த்துவிட்டு, இந்தச் சிவப்பை யார் பூசியது என்று கேட்பார்கள். காலையில் மகள் லேஸைக் கட்டிக் கட்டி அவிழ்த்தது கண்முன்னே வந்தது. அவள் தலையைத் தூக்கினாள்.

“ஆமாக்கா. நான்தான்.”

கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. அடைமழை வெறித்தமாதிரி எல்லார் முகமும் தெளிந்தது. “நான் மொதல் நாளே சொன்னேன்ல?” என்றாள் ஒருத்தி. “நான் அதுக்கும் முந்தியே” என்றாள் இன்னொருத்தி. கெவின் அப்பா மட்டும் அவளையே பார்த்தார். ஆனானப்பட்ட அவருக்கே முடியாத காரியம் அது என்று அவருக்குத் தெரியும்.

“எப்படித்தா செஞ்ச?” என்றார் மெதுவாக.

“அதச் சொன்னா எல்லாரும் செய்வீங்களே அண்ணாச்சி.”

யாரோ சிரித்தார்கள். மாரிக்கனிக்கு வேர்த்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை. “இனிமேயும் செய்வேன். பாப்பா திங்கக்கிழம ‘பி’ல உக்காரட்டும். செவ்வாக்கிழம ஒம்போது மணிக்கு உங்க பிள்ளைக மூஞ்சி தெரியும்.”

சொல்லிவிட்டாளே தவிர, தெரியுமா தெரியாதா என்று அவளுக்கே தெரியாது. மூன்று நாளும் அவள் சோறு தின்னவில்லை. முகம் திரும்பாவிட்டால் மகளுக்கு ‘சி’யும் இல்லை, பள்ளிக்கூடமே இல்லை. திங்கட்கிழமை யுவஸ்ரீயை ‘பி’ பிரிவு வாசலில் விட்டபோது, உள்ளேயிருந்து முப்பத்துமூன்று பிள்ளைகளும் எழுந்து நின்று, ஆளுக்கொரு காலை முன்னால் நீட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குப் பிரஸ்ஸில் மாரிக்கனி தாள்களைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் திறந்தாள். அடியில் இருந்த எண் ஓடிக்கொண்டிருந்தது, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முதுகுகள்தான் இருந்தன. கண்ணை மூடினாள். திறந்தபோது முகங்கள் இருந்தன. பல் விழுந்த முகம், தையல் போட்ட முகம், எண்ணெய் வழிகிற முகம். நட்டநடுவில் யுவஸ்ரீ நின்றாள். அந்தப் புதுப் போட்டோவை எடுத்த அன்றைக்கு அவள் நாலு ரூம் தள்ளி ‘சி’ பிரிவில் உட்கார்ந்திருந்தாள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. செய்தது யார் என்று தெரிந்துவிட்டபிறகு எதையும் நினைத்துப் பார்க்க அவசியம் இருக்கவில்லை.

அதற்கப்புறம் சந்தேகம் மரியாதையாக மாறிக்கொண்டது. வெப்சைட் அவளிடமே திரும்பி வந்தது. ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு வழிவிட்டார்கள். “எம் பயல அந்தக் குண்டுப் பய பக்கத்துல நிப்பாட்டாத தாயி” என்று ஒருத்தி காதோடு சொல்வாள். “பாக்குறேன்கா” என்பாள் மாரிக்கனி. “எம் பிள்ளைய ஒரு நாளாச்சும் முன்வரிசையில வையேன்” என்பாள் இன்னொருத்தி. “மெதுவாத்தான்கா வரும்” என்பாள். பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு, லேஸ் கட்டுகிறவள், பென்சில் கொடுக்கிறவன், மத்தியானம் ஆம்லெட் பங்கிடுகிறவன் என்று யார் யார் வேண்டுமோ அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள்.

புரட்டாசி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணி தாண்டி, மாரிக்கனிக்குக் கை தவறி நிர்வாகிகள் பக்கம் திறந்துகொண்டது. ஜூன் மாதத்துக் கூட்டத்தில் எடுத்த அந்தப் போட்டோ இத்தனை நாளும் அசைந்ததில்லை. பெரியவர்கள் அசைகிறவர்கள் இல்லை. இப்போது கதவோரம் காலியாக இருந்தது. நீலச் சேலைக்காரி ஒருத்தி, முழுசாக, இரண்டு கண்ணோடும் இரண்டு தோளோடும், நடுவில் ரிஷ்வந்த் அம்மாவின் நாற்காலியில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கை முந்தியைச் சுற்றவில்லை.

இதை யார் செய்தது என்று மாரிக்கனிக்கு முதல்தடவையாகச் சந்தேகம் வந்தது. போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். நீலச் சேலையின் வலது ஓரத்தில், ஒரு நூல் அகலத்துக்கு, சிவப்பு வெளியே நின்றது.

போன் கையிலேயே அடித்தது.

“யாரக் கேட்டு இப்படி நடுவுல வந்து நிக்க?” என்றாள் ரிஷ்வந்த் அம்மா.

“மணி அடிச்சுச்சுக்கா” என்றாள் மாரிக்கனி. “நகந்துக்கிட்டேன்.”